14. காரணம்: டயர்

“இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள, கட்டிலை விட்டு ஒரு காலைக்கூடக் கீழ வைக்காம, என் மருமக இந்த ஊர்ல ஓடுற அறுபத்திரண்டு பஸ்ஸையும் நிறுத்திக் காட்டுவா. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க.”

காலை ஆறே முக்காலுக்குப் பிரசவ வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்று இப்படி அறிவித்தவர், முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார். வார்டுக்குள் ஆண்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் வராந்தா பெஞ்சின் மேல் ஏறி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே முகத்தை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தார்.

உள்ளே ஆறு கட்டில்கள். ஆறிலும் ஒருவர்கூட நம்பவில்லை. நர்ஸ் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சிரித்தாள். யாரும் வாயைப் பிளக்கவில்லை என்று கண்ட மாமனார், “சரி, அறுபதுன்னு வெச்சுக்குங்க” என்று சலுகை கொடுத்துப் பார்த்தார்.

“அப்பா, போன மாசம் பிரேக் இல்லாத பஸ்ஸை இருமியே நிறுத்தினதா சொன்னீங்க. அதையே நான் இன்னும் ஜீரணிக்கல.”

சொன்னது அவருடைய மூத்த மகள். அதே ஆஸ்பத்திரியின் லேப்பில் வேலை. யார் என்ன சொன்னாலும் “ரிப்போர்ட் எங்கே?” என்று கேட்கிற பிறவி. அவளுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று சொன்னபோதுகூட இரண்டாவது ஆளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவள் என்று வீட்டில் பேச்சு.

ஆறாவது கட்டிலில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்த மருமகள், “மாமா, நான் எதையும் நிறுத்தறதா இல்ல. என்னை விட்டுடுங்க. எனக்கு நிறுத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்” என்று சொல்லி, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அவளை டிப்போவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிரைவர்கள் வைத்த பேர் விசில். டைம் கீப்பர் வேலை. டிப்போவுக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸும் அவள் கேபின் முன்னால் நிற்க வேண்டும், டிரிப் ஷீட்டை நீட்ட வேண்டும், அவள் கையெழுத்துப் போட்டு விசில் ஊதினால்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அரை நிமிஷம் முன்னால் நகர்ந்த பஸ்ஸுக்கு எதிரே ஐந்து மாத வயிற்றோடு போய் நின்றவள் அவள். ஊரில் கடிகாரம் விற்கிறவர்களே அவளைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று மாமனார் சொல்வார். அதில் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் நிறைய இருக்கும்.

போன அத்தியாயத்தில் அந்த விசில், டிப்போ வாசலிலேயே கிடுகிடுவென்று நடுங்கி, ஒரு பஸ் சக்கரத்தின் மேல் சாய்ந்து சரிந்ததையும், டிப்போ மெக்கானிக்கான அவள் கணவன் கிரீஸ் கையோடு அவளைத் தூக்கிவந்ததையும் பார்த்தோம். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். வலது பக்க முதுகில் கடப்பாறையால் குத்துகிற மாதிரி வலி. ‘சீட்டுல உட்கார்ந்தே இருக்கறதால முதுகு பிடிச்சுக்கிச்சு’ என்று மூன்று வாரமாக அவள் எல்லோரிடமும் சொல்லிவந்த வலி அது. சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தது, ஆனால் அவள் நினைத்த சம்பந்தம் இல்லை. சிறுநீரில் புகுந்த கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. அது கிளப்பிவிட்ட காய்ச்சலில் கர்ப்பப்பையும் சுருங்க ஆரம்பித்திருந்தது. நடந்துகொண்டிருப்பதோ முப்பத்தோராவது வாரம்.

முந்தாநாள் மாலை நாலு மணிக்கு முதல் ஊசி. நேற்று நாலு மணிக்கு இரண்டாவது. டாக்டரம்மா அளந்து பேசுகிறவர்.

“இந்த ஊசி உனக்கில்ல, குழந்தையோட நுரையீரலுக்கு. முழுசா வேலை செய்ய முதல் ஊசியிலேர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் குழந்தை உள்ள இருக்கணும். அப்புறம் வந்தாக்கூட மூச்சு விடறதுக்கு அதுக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும்.”

“முன்னாடியே வந்துட்டா?”

டாக்டரம்மா பதில் சொல்வதற்குப் பதிலாக அவள் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துக் குழாயைச் சரிசெய்தார். விசிலுக்குப் புரிந்துவிட்டது.

ஆக, கெடு இன்று மாலை நாலு மணி.

“முப்பத்தொண்ணுல எந்த வண்டியும் கிடையாது” என்றாள் வயிற்றிடம். “நாற்பதுலதான். ஷெட்யூலைப் பாத்துட்டு வா.”

தலையணைக்கு அடியில் பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று வைத்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் அதன் பின்பக்கத்தில் எழுதினாள். வந்த நேரம், போன நேரம், ஏற்றிச் சென்றது. மூன்றாவது கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை: காலி. ஆறு ஐந்து, காலி. ஆறு இருபத்திரண்டு, காலி. ஆறு முப்பத்தெட்டு, காலி. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, மெஷினைவிட இது தெளிவாக இருக்கிறது என்று தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதாக மாமனார் வராந்தா முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். துடைத்தது உண்மை.

நாத்தனார் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே கட்டிலுக்கு அருகில் வந்தாள். கையில் ஒரு லிட்டர் தண்ணீர்.

“குடி.”

“இப்பத்தான் அண்ணி குடிச்சேன்.”

“இப்ப குடிக்கறே. மூணு மாசமா எங்க போச்சு இந்த வாய்? மூணு தடவை பாட்டில் கொடுத்தனுப்பினேன், காலையில மூத்திரத்தைப் பிடிச்சுக் கொண்டான்னு. காய்ச்சல் இல்லாம, எரிச்சல் இல்லாம, ஒரு அறிகுறியும் காட்டாமக் கிருமி உள்ள உட்கார்ந்திருக்கும், அதுக்குத்தான் டெஸ்ட்டுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். என்ன பண்ணினே அந்தப் பாட்டிலையெல்லாம்?”

விசில் கூரையைப் பார்த்தாள்.

“சொல்லு.”

“ஒண்ணுல ஸ்டாம்ப் மை ஊத்தி வெச்சேன்.”

“மத்த ரெண்டு?”

“ஒண்ணுல குண்டூசி. ஒண்ணை உங்க தம்பி நட்டு போட்டு வைக்க எடுத்துட்டுப் போயிட்டாரு. நல்ல மூடி அண்ணி. வீணாக்க மனசு வரல.”

பக்கத்துக் கட்டில்காரி போர்வைக்குள் சிரித்தது கட்டில் குலுங்கியதில் தெரிந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பிடிவாதமாக நீட்டிக்கொண்டே நின்றாள்.

விசிலுக்கு ஒரு பெருமை இருந்தது. காலை ஐந்து மணிக்குக் கேபினுக்குள் உட்கார்ந்தால் மதியம் ஒரு மணி வரை எழுந்திருக்க மாட்டாள். எட்டு மணி நேரம். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல். ‘இடையில எழுந்து போற பேச்சே இல்ல’ என்று புதிதாக வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவாள். எழுந்து எங்கே போவது என்பது அந்தப் பெருமைக்குள் ஒளிந்திருந்த கேள்வி. டிப்போவில் ‘பெண்கள் கழிப்பறை’ என்று போர்டு வைத்த அறை ஒன்று உண்டு. போர்டு பளபளப்பானது. உள்ளே தேய்ந்த டயர்கள். பூட்டு போட்டு, சாவி மேனேஜரின் மேஜையில்.

கர்ப்பமான பிறகும் அவள் அந்தப் பெருமையை விடவில்லை. தண்ணீரைத்தான் இன்னும் குறைத்துக்கொண்டாள்.

*

ஒன்பது மணிக்கு அந்த மேனேஜரே வந்தார்.

பார்வையாளர் நேரம்தான், ஆனால் ஆண் என்பதால் அவருக்கும் ஜன்னல்தான். மாமனாரைப் பெஞ்சிலிருந்து இறக்கிவிட்டு அவர் ஏறினார். மாமனார் விட்டுக்கொடுத்த மாதிரி இறங்கி, அவருக்குப் பின்னாலேயே ஏறிக்கொண்டார். ஒரு ஜன்னலில் இரண்டு முகங்கள்.

“எப்படிம்மா இருக்கே? டிப்போவே உன்னைப் பத்தித்தான் பேசுது.”

“உள்ள இருக்கறவங்க உள்ளதான் இருக்காங்க சார். சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, மெடிக்கல் லீவு ஃபார்ம். நீ கஷ்டப்பட வேணாம்னு நானே நிரப்பிக் கொண்டாந்துட்டேன். கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

ஃபார்ம் கம்பி வழியாக வந்தது. நாத்தனார் அதை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். விசில் எந்தக் காகிதத்திலும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. படித்தாள். ‘நோய்க்கான காரணம்’ என்ற கட்டத்தில் மேனேஜரின் குண்டு கையெழுத்தில் இருந்தது: வீட்டில் ஏற்பட்ட காய்ச்சல். பணியிடத்துடன் தொடர்பில்லை.

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. அவள் ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நேரம் எழுதினாள். ஒன்பது ஏழு. வயிறு பாறையாக இறுகியது. மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டாள். வலி போனது. எழுதினாள்: காலி.

பிறகு அதே பேனாவால் மேனேஜர் எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே ஒரு வார்த்தை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஃபார்ம் கம்பி வழியாகத் திரும்பிப் போனது.

மேனேஜர் படித்தார். “டயரா?”

“ஆமாம் சார்.”

“என்னம்மா இது, காரணம் டயர்னு போட்டிருக்கே. டயர்லேர்ந்து எப்படிக் காய்ச்சல் வரும்?”

“பெண்கள் கழிப்பறைக்குள்ள வெச்சுப் பூட்டினா வரும்.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எத்தனையோ பேர் வேலை பாக்கறாங்க. எல்லாருக்குமா வந்துச்சு? இது உடம்புவாகு.”

இதற்கு விசில் வாயைத் திறக்குமுன் நாத்தனார் திறந்தாள். “சார், கழிப்பறை இல்லாதது மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். கர்ப்பத்துல இந்தக் கிருமி யாருக்கும் சுலபமா வரும். ஆனா தண்ணி குடிக்காம எட்டு மணி நேரம் அடக்கிட்டு உட்கார்ந்தா அதுக்கு வெத்தலைபாக்கு வெச்சு அழைச்ச மாதிரி. எல்லாருக்கும் வந்துச்சான்னு கேக்கறீங்களே, யாருக்காவது டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கீங்களா? ரிப்போர்ட் எங்கே?”

“நான் வேற ஃபார்ம் அனுப்பறேன்” என்று மேனேஜர் இறங்கினார். “அதுல ஒழுங்கா எழுது. இல்லேன்னா லீவு கிடைக்காது.”

“எத்தனை ஃபார்ம் அனுப்பினாலும் டயர்தான் சார்.”

அவர் போன பிறகு விசில் கணவனின் போனுக்கு அடித்தாள். அவன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பஸ்ஸுக்கு அடியில் இருந்தான். “என்னங்க, கேபினுக்குப் போய் ஸ்பேர்கிட்ட போனைக் கொடுங்க.”

ஸ்பேர் என்பது விசிலுக்குப் பதிலாக உட்கார வைக்கப்பட்ட இருபத்திரண்டு வயதுப் பெண். கண்டக்டர் வேலையில் சேர்ந்து நாலே மாதம். யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் அவளைப் பொருத்துவதால் அந்தப் பேர்.

“அக்கா, உடம்பு எப்படி இருக்கு?”

“அதை விடு. காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா?”

“இல்லக்கா. குடிச்சா போகணுமே. நீங்களே எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க.”

விசில் கண்ணை மூடிக்கொண்டாள். தன் பெருமை இப்படி ஒரு சின்னப் பெண்ணின் நாக்கை வறள வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

“நான் செஞ்சது முட்டாள்தனம். நீ இப்ப ரெண்டு பாட்டில் தண்ணி குடி. வயிறு முட்டினதும் கேபினைப் பூட்டிட்டு எழுந்திரு.”

“எங்கக்கா போறது?”

“ஆஸ்பத்திரிக்கு. ரெண்டு ஸ்டாப்தான், நடந்தே வா. இங்க லேப்ல எங்க அண்ணி இருக்காங்க. பாட்டில்லயே பிடிச்சுக் கொடுத்துடு, டெஸ்ட்டும் ஆச்சு.”

“அதுவரைக்கும் பஸ்ஸு?”

“டிரிப் ஷீட்ல டைம் கீப்பர் கையெழுத்து இல்லாம வண்டி வெளிய போனா டிரைவருக்கு வேலை போகும். சட்டப் புத்தகத்துல இருக்கு. நான் எழுதினதில்ல, அவங்க எழுதினது. நிக்கட்டும்.”

“மேனேஜர் கூப்பிட்டா?”

“கழிப்பறை திறந்ததும் வரேன்னு சொல்லு. மரியாதையாச் சொல்லு. சார் போட்டுச் சொல்லு.”

*

விசில் படுத்திருந்த இடத்திலிருந்து ரோடு தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நாலு வருஷமாக அறுபத்திரண்டு இன்ஜின்களின் உறுமலையும் தனித்தனியாகக் கேட்டவள். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் நம்பரைச் சொல்லிக்கொள்வாள்.

பத்து பத்துக்கு வர வேண்டிய பதினேழு வரவில்லை. பத்து பதினான்குக்கு வர வேண்டிய நாலு வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து ரோட்டில் ஒரு காக்கை கத்தியது வார்டு வரைக்கும் கேட்டது.

“மாமா, ரோட்டைப் பாருங்க.”

மாமனார் பெஞ்சில் திரும்பி நின்று பார்த்தார். “அம்மாடி, ரோடு துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. ஸ்டாப்புல ஆயிரம் பேர் நிக்கறாங்க. இல்ல, ரெண்டாயிரம்.”

“முப்பது பேர் இருப்பாங்க” என்றாள் மருந்து கொடுக்க வந்த நர்ஸ், எட்டிப் பார்த்துவிட்டு.

அந்தப் பக்கமாக வந்த நாத்தனார் காதில் இது விழுந்தது. “எங்கயாவது லாரி கவுந்திருக்கும். ஒரு பொண்ணு ஒண்ணுக்குப் போனதுக்கு ஊர் பஸ்ஸெல்லாம் நிக்குமா? அப்பா சொல்லிச் சொல்லி உனக்கும் தொத்திக்கிச்சு.”

பத்து நாற்பதுக்கு லேப் வாசலில் சத்தம் கேட்டது. ஸ்பேர் தனியாக வரவில்லை. பஸ்தான் நகரவில்லையே, நாமும் போவோம் என்று அவள் பின்னாலேயே பெண் கண்டக்டர்கள் இருபத்தொரு பேர் தோளில் பையோடு, கையில் விசிலோடு வரிசையில் வந்திருந்தார்கள். எல்லோரும் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தவர்கள். லேப்பில் இருந்த ஒரே கழிப்பறையின் கதவு அன்று மூடித் திறந்ததில் கீலில் புகை வந்ததாக மாமனார் சொல்கிறார்.

நாத்தனார் இருபத்திரண்டு பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். “பேர் எழுதி ஒட்டிக் கொடுங்க” என்றாள். பிறகு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவள், முதல் பாட்டிலைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பாட்டிலில் ‘17’ என்று இருந்தது. அடுத்ததில் ‘4, காலை ஷிப்ட்’. அதற்கடுத்ததில் ‘31, எக்ஸ்பிரஸ்’. இருபத்திரண்டில் ஒன்றில்கூடப் பேர் இல்லை. எல்லாம் ரூட் நம்பர், ஒன்றில் மட்டும் ‘டைம் கீப்பர்’. பல வருஷமாக டிப்போவில் அவர்களை அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கேட்டதும் அவர்கள் கை அதைத்தான் எழுதியிருந்தது. திரும்பிக் கேட்கலாம் என்றால் வரிசை முழுக்க டிப்போவுக்குப் போய்விட்டது. ஸ்பேர் மட்டும் விசில் கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் உட்கார்ந்து, மேனேஜர் மூன்றாவது முறையாகப் போன் பண்ணியதற்கு, “கழிப்பறை திறந்ததும் வரேன் சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்கு நாத்தனார் வந்தாள். குரல் தணிந்திருந்தது.

“இருபத்திரண்டுல ஆறுல கிருமி இருக்கு. ஒருத்திக்கும் காய்ச்சல் இல்ல, எரிச்சல் இல்ல. நல்லாத்தான் நடந்து வந்தாங்க.”

“என்னோடது?” என்றாள் ஸ்பேர்.

“உன்னோடது சுத்தம். பாட்டில்ல டைம் கீப்பர்னு எழுதினது நீதானே? தண்ணி குடிக்கறதை மட்டும் விடாதே.”

விசில் சுவர்ப்பக்கம் பார்த்தபடி கேட்டாள். “நான் மூணு மாசம் முன்னாடி அந்தப் பாட்டிலைக் கொடுத்திருந்தா, அண்ணி?”

நாத்தனார் பொய் சொல்லத் தெரியாதவள். “மாத்திரையோட போயிருக்கலாம். போயிருக்கும்னுதான் நினைக்கறேன்.”

“அப்ப நான்தான் பண்ணினேன்.”

“கிருமி பண்ணுச்சு.” அவள் போர்வையை இழுத்துவிட்டாள், தேவையில்லாமல் இரண்டு முறை. “மூணு பாட்டில் கொடுத்தேன். நீ கொண்டு வரலேன்னு தெரிஞ்சதும் நான் கோவிச்சுக்கிட்டு நாலாவது கொடுக்காம இருந்துட்டேன். நாலாவது பாட்டிலோட நானே டிப்போவுக்கு வந்திருக்கணும். வந்திருந்தா அந்த டயரையும் பாத்திருப்பேன்.”

விசில் தண்ணீர் பாட்டிலை எடுத்து, யாரும் சொல்லாமலே குடித்தாள்.

“ஆறு பேரையும் இன்னைக்கே பிடிக்கணும்” என்று நாத்தனார் கிளம்பினாள். “பாட்டில்ல நம்பரை எழுதிட்டுப் போயிருக்குதுங்க. நானே டிப்போவுக்குப் போய்ட்டு வரேன். பஸ் வருதான்னு பாக்கறேன்.”

பஸ் வரவில்லை. நடந்து போனாள்.

*

ஒன்று நாற்பதுக்கு வலி வந்தது. ஒன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி. ஒன்று நாற்பத்தொன்பதுக்கு வந்தது போகவே மனமில்லாமல் நின்றது.

விசில் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுத்துதான் கோணிக்கொண்டு போனது. வயிற்றில் கட்டிய பெல்ட்டிலிருந்து குழந்தையின் இதயம் புது இன்ஜின் மாதிரிப் படபடவென்று ஓடுவது வார்டு முழுக்கக் கேட்டது. நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். திரையை இழுத்தார்கள். ஸ்பேரை வெளியே அனுப்பினார்கள்.

ஜன்னலில் மாமனாரின் முகம் இருந்தது. வாய் மட்டும் அசையவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவர் பத்து நிமிஷம் தொடர்ந்து பேசாமல் இருந்தது அன்றுதான். இது மிகைப்படுத்தல் இல்லை.

“டாக்டர், மணி ரெண்டுதான்” என்றாள் விசில். பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது குரல். “இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. இது கிளம்பக் கூடாது.”

“பேசாதே. காலை மடக்கு.”

“நான் கையெழுத்துப் போடல. நான் விசில் ஊதல. இது எப்படிக் கிளம்பும்?”

“சரிம்மா, யாரும் கிளம்பல. மூச்சை விடு.”

டாக்டரம்மா பரிசோதித்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. விசில் அவர் கண்ணாடியில் தெரிந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முப்பது சுற்று சுற்றியிருக்கும்.

“கர்ப்பப்பை வாய் நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு. திறக்கல.” டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். “காய்ச்சலும் இறங்கியிருக்கு. மருந்து கேக்க ஆரம்பிச்சிருக்கு. சுருங்கறது அடங்க இன்னொரு மாத்திரை தரேன். நாக்குக்கடியில வெக்காதே, முழுங்கு. தண்ணி நிறைய குடி.”

“வராதா டாக்டர்?”

“வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. இப்ப வரல.”

விசிலுக்கு அது போதும். காலியாக இருந்த கட்டத்தில் எழுதினாள். ரெண்டு எட்டு, காலி. கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

இரண்டரைக்குக் கணவன் போன் பண்ணினான். அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று மூச்சுவாங்கப் பேசினான்.

“நாற்பத்தி மூணு.”

“என்னது?”

“டயர். எல்லாத்தையும் உருட்டி வெளிய போட்டாச்சு. மேனேஜர் சாவி காணோம்னாரு. டிரைவருங்கல்லாம் சேர்ந்து பூட்டையே கழட்டிட்டோம். உள்ள ஒரு வாஷ்பேசின் இருக்கு, தெரியுமா? குழாயைத் திருகினா தண்ணி வருது. அக்காதான் முதல்ல திருகிப் பாத்துச்சு, நம்பாம ரெண்டாவது தடவையும் திருகுச்சு. இப்ப ஸ்பேரை வரச் சொல்லு.” கொஞ்சம் நிறுத்தி, “உள்ள இருக்கறவர் எப்படி?”

“உள்ளதான் இருக்கார்.”

“சரி” என்றான். போனை வைக்காமல் இன்னொரு முறை, “சரி” என்றான்.

*

மூன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் நின்று கிளம்பியது. பதினேழு, என்று விசில் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசி வலி வந்து முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த பஸ்ஸிலிருந்துதான் நாத்தனார் இறங்கி வந்தாள். வெள்ளைக் கோட்டில் முழங்கைவரை டயர்க் கறுப்பு. ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அஞ்சு பேரைப் பிடிச்சுட்டேன். நாளைக் காலையில டாக்டரைப் பாக்க வராங்க.”

“ஆறாவது?”

நாத்தனார் குரலை இறக்கினாள். “எட்டாம் நம்பர். அந்த ரூட்ல ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருமே அந்தப் பாட்டில் என்னுது இல்லேன்னு சாதிக்கறாங்க. சந்தேகம் வந்து இன்னொரு டெஸ்ட்டும் போட்டுப் பாத்திருந்தேன். அந்தப் பாட்டில்காரி முழுகாம இருக்கா. வயித்துல இருக்கறதைப் பத்தி வாயைத் திறக்க பயப்படறா. யாருன்னு தெரியல.”

விசில் படுக்கையில் நிமிரப் பார்த்தாள்.

“படு. மணி நாலு ஆகல.”

“ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும் அண்ணி. நாளைக்கு என்கிட்ட அனுப்புங்க. நான் கேக்கறேன்.”

சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. வார்டில் யாரும் கை தட்டவில்லை. பக்கத்துக் கட்டில்காரி மட்டும் கையை நீட்டி, விசிலின் விரல்களை ஒரு முறை அழுத்திவிட்டு எடுத்துக்கொண்டாள். விசில் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். உள்ளே ஒரு கால் மெதுவாகப் புரண்டது. “இன்னும் ஒன்பது வாரம் இருக்கு” என்றாள் அதனிடம். “ரொம்ப ஆட்டம் போடாதே.”

மாமனார் கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்தார். வாய் திரும்பி வந்துவிட்டது.

“பெரியவளே, மணி நாலு. நான் காலையில என்ன சொன்னேன்?”

“நிறைய சொன்னீங்க.”

“நின்னுச்சா, நிக்கலையா?”

“வலி நின்னது மருந்தால. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.”

“நான் அதைக் கேக்கல.”

நாத்தனார் தன் கறுத்த கைகளைப் பார்த்தாள். ஈரத் துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். ஆறு கட்டில்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“அறுபத்தொண்ணு” என்றாள் கடைசியில். “ஒண்ணு போன வாரத்துலேர்ந்து இன்ஜின் இல்லாம ஷெட்ல கிடக்கு, அதைக் கணக்குல சேக்க முடியாது. மத்த எல்லாம் நின்னுச்சுப்பா. ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் நடந்து ரெண்டு தடவை எண்ணிட்டேன். இவதான் நிறுத்தினா.”